கோலெம்: மொழிபெயர்ப்பில் உயிரும் மெய்யும்

யூத நாட்டார் மரபில் களிமண்ணால் சமைக்கப்பெற்று எழுத்தின் ஆற்றலால் இயங்கும் உருவம் ‘கோலெம்’ எனப்படும். இதனைப் ‘பூதம்’ எனப் பெயர்த்தமைதல் போதுமா என்பது ஆராய்தற்குரியது.

எபிரேய விவிலியத்தில் இச்சொல் 139ஆம் சங்கீதத்தில் மட்டுமே, உருப்பெறாத உடல் என்னும் பொருளில் வருகிறது. தமிழ் விவிலியம் அதனைக் ‘கரு’ என்றது பொருத்தமே. மிஷ்னாவில் இச்சொல் அறிஞனுக்கு மறுதலையான பக்குவமற்றவனைக் குறிக்கும். தால்மூதில் ராவா படைத்த மனிதன் ரபி ஸெய்ராவுக்கு மறுமொழி கூறாமையால் மண்ணுக்கே திருப்பப்படுகிறான். ஆயினும் அங்குக் கோலெம் என்னும் பெயர் இல்லை. முழுமையின்மையும் பேச்சின்மையும் பிற்காலக் கதையில் ஒன்றுபடுகின்றன. ‘பூதம்’ என்னும் சொல் இவ்விரண்டையும் இழந்து அச்சத்தை மட்டுமே தருகிறது.

யாக்கோப் கிரிம் 1808இல் வெளியிட்ட வடிவில், உருவின் நெற்றியில் உண்மை எனப் பொருள்படும் ‘எமெத்’ எழுதப்படுகிறது. முதலெழுத்தாகிய ஆலெஃபை அழித்தால், இறப்பைச் சுட்டும் ‘மெத்’ எஞ்சும். இவ்விரு சொற்களும் வேர் வேறானவை. அவற்றின் உறவு எழுத்தளவினதே. பொருளை மட்டும் பெயர்த்தால் கதையின் அச்சாணி கழன்றுவிடும்.

இங்கே தமிழின் ‘மெய்’ மொழிபெயர்ப்பாளரை ஈர்க்கும். அஃது உண்மை, உடல், உயிரின்றி இயங்கா எழுத்து என முப்பொருள் தருவது. அகரம் நீங்கின் உயிர்மெய் மெய்யாகும். ஆனால் ஆலெஃப் உயிரெழுத்தன்று, எபிரேய நெடுங்கணக்கின் மெய்களுள் ஒன்று. அன்றியும், எபிரேயத்தில் உண்மை அழிந்து இறப்பு எஞ்சுகிறது. தமிழிலோ உயிர் நீங்கிய பின்னும் உண்மையைக் குறிக்கும் சொல்லே எஞ்சுகிறது. கதையின் முடிவு தலைகீழாகிறது. ஆகவே இவ்வொப்புமை விளக்கவுரைக்கு உதவுமேயன்றி மூலத்தின் இடத்தில் நிற்கத் தகாது.

பிறமொழிப் படைப்பாளர் பெயரை மாற்றவில்லை. மெய்ரிங்கின் ஜெர்மன் நாவல் 1915இலும், வெகெனரின் திரைப்படம் 1920இலும், லெய்விக்கின் இத்திய நாடகக் கவிதை 1921இலும் இப்பெயருடனேயே வெளிவந்தன. 1965இல் இஸ்ரேலின் ரெஹோவோத் நகரில் அமைந்த கணிப்பொறியும் ‘கோலெம் ஆலெஃப்’ எனப் பெயர்பெற்றது. அதே சொல் இத்திய வழக்கில் மந்தமானவனையும் தற்கால எபிரேயத்தில் கூட்டுப்புழுவையும் சுட்டுகிறது.

எனவே ஒரு சொல்லுக்கு ஒரே நிகரன் என்னும் விதி இங்குச் செல்லாது. சங்கீதத்தில் ‘கரு’, மிஷ்னாவில் ‘பேதை’, உயிரியலில் ‘கூட்டுப்புழு’, கதையில் ‘கோலெம்’ என இடம்நோக்கிப் பெயர்த்தலே தக்கது. பேசாத உருவைப் பற்றிய கதையில் அதன் பெயரையும் பறிப்பது முறையன்று.