முகமா, கேனா? ரொமுவால்ட் ஹசூமேயின் சிற்பங்கள்

பெனின் நாட்டின் போர்டோ-நோவோ நகரில் 1962இல் பிறந்த சிற்பி ரொமுவால்ட் ஹசூமே, 1980களின் நடுப்பகுதியிலிருந்து பெரும்பாலும் ஒரே பொருளை வைத்துத்தான் வேலை செய்துவருகிறார். கடத்தல் பெட்ரோல் சுமந்து தேய்ந்துபோன பிளாஸ்டிக் கேன். அதன் அடியை வெட்டியெடுத்துவிட்டு, வாய்ப்பக்கம் கீழே வரும்படி நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது: கைப்பிடி மூக்காகிவிடும், மூடி கழன்ற துவாரம் திறந்த வாயாகிவிடும். மீதிக்குக் கொஞ்சம் கயிறு, ஒரு பழைய பிரஷ், சவுரி முடி, ஏதாவது ஒரு மின்சாதனத்திலிருந்து கழற்றிய பாகம். இவ்வளவு குறைந்த கைவேலையில் இவ்வளவு உறுதியான முகம் வந்துவிடுவதுதான் அவருக்கு உலகப் புகழைத் தேடித்தந்தது. அவரைப் பாராட்டுகிறவர்கள் பலரும் இந்த உருமாற்றத்தையே வியக்கிறார்கள். குப்பை முகமாகிறது, பிளாஸ்டிக்குக்கு உயிர் வருகிறது என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருடைய வேலைகளில் பலம் வாய்ந்தவை, கேன் கடைசிவரை கேனாகவே நிற்பவை. கேன் பட்ட பாட்டை முகத்தின் சாமர்த்தியம் மூடிமறைக்கும்போது சிற்பம் மெலிந்துவிடுகிறது.

கேன் பட்ட பாடு என்ன என்று பார்த்தால்தான் இது விளங்கும். நைஜீரியாவில் அரசு மானியத்தால் பெட்ரோல் நீண்டகாலம் மலிவாக இருந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் பெனினில் விலை அதிகம். இந்த வித்தியாசத்தை நம்பி ஏராளமான குடும்பங்கள் பிழைத்தன. பைக்கிலும் படகிலும் வந்து சேரும் இந்தப் பெட்ரோலை உள்ளூரில் க்பாயோ என்பார்கள். சாலையோரத்தில் மதுப்புட்டிகளிலும் பெருவயிற்றுக் கண்ணாடிக் குடுவைகளிலும் ஊற்றிவைத்து விற்பார்கள். ஒரே நடையில் கூடுதலாக ஏற்றவேண்டும் என்பதற்காகக் கேனை நெருப்பில் காட்டி, இளகவைத்து, உப்பவைப்பது வழக்கம். கொள்ளளவு கூடும், சுவர் மெலியும். பின்னாலும் பக்கவாட்டிலும் அப்படிப்பட்ட கேன்களைக் கட்டிக்கொண்டு, அவற்றுக்கு நடுவே ஒரு ஆள் ஒண்டி உட்கார்ந்து பைக் ஓட்டுவார். ஒரு தீப்பொறி போதும். ஹசூமேயின் நல்ல முகமூடி ஒன்றைக் கிட்டத்தில் பார்த்தால் கன்னம் சீராக இருக்காது; ஒரு பக்கம் புடைத்திருக்கும். அது சிற்பி செதுக்கிய கன்னமல்ல, நெருப்பு தள்ளிய கன்னம். அதற்கு மேல் பெட்ரோல் ஊறிய கறை, கயிறு அறுத்த தடம். அளவுக்குமேல் ஏற்றப்பட்டு, மெலிந்து, கடைசியில் வெடித்ததும் தூக்கியெறியப்படுவது என்ற ஒரு மனிதனின் கதை பொருளிலேயே இருக்கிறது. சிற்பி அதைச் சொல்லத் தேவையில்லை. கெடுக்காமல் இருந்தால் போதும்.

இந்த இடத்தில் ஹசூமே தன் வேலைக்குத் தானே தரும் விளக்கத்தோடு எனக்கு உடன்பாடில்லை. மேற்குலகம் நம் தலையில் கொட்டும் நுகர்வுக் குப்பையை அதனிடமே கலையாகத் திருப்பி அனுப்புகிறேன் என்ற பொருளில் அவர் பலமுறை பேசியிருக்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெட்ரோல் கேன் அந்த அர்த்தத்தில் குப்பையே அல்ல. வேறு எதற்கோ செய்யப்பட்ட ஒரு டப்பா, போர்டோ-நோவோவின் எல்லைப்புறச் சாலைகளில் ஒரு தொழிலின் கருவியாக மாறி, வெடிக்கும்வரை உழைத்திருக்கிறது. ‘குப்பை’ என்ற சொல் அந்த உழைப்பின் கட்டத்தையே தாண்டிக் குதித்துவிடுகிறது. குப்பையிலிருந்து கலை என்ற சூத்திரம் ஐரோப்பியக் காட்சிக்கூடங்களுக்கு வசதியானது. பார்வையாளருக்குக் கொஞ்சம் குற்றவுணர்வும் கொஞ்சம் வியப்பும் தந்து அனுப்பிவிடும். சிற்பங்கள் அதைவிட நுட்பமானவை என்பது அவற்றின் நல்லூழ்.

நாற்பது ஆண்டாக ஒரே கேன், ஒரே உத்தி, சலிக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு ஒரு தயார் பதிலும் உண்டு: முகமூடி மரபே திரும்பத் திரும்பச் செய்வதில்தான் வாழ்கிறது. ஹசூமே யொருபா வழியில் வந்தவர். பெனினிலும் நைஜீரியாவிலும் யொருபா மக்கள் ஆடும் கெலெடே முகமூடிக் கூத்தில், தலைமேல் சூடும் மரச்சிற்பங்கள் மூத்த தாய்மாரின் ஆற்றலைப் போற்றும். அதே மூச்சில் ஊரில் உள்ளவர்களைக் கிண்டலும் செய்யும். புதிதாக ஊருக்குள் வந்த பொருள்களும் புதுப் பவுசுக்காரர்களும் அந்தத் தலைச்சிற்பங்களில் இடம்பிடிப்பது சகஜம். ஹசூமேயின் பகடிக்கு வேர் அங்கே இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் பதில் பாதிதான் செல்லும். கெலெடே முகமூடிக்குக் கீழே ஒரு ஆட்டக்காரர் இருக்கிறார், பாட்டு இருக்கிறது, கிண்டலுக்கு ஆளானவர் கூட்டத்திலேயே நிற்கவும் கூடும். திரும்பச் செய்தாலும் ஒவ்வொரு முறையும் அது வேறு மாலை, வேறு கூட்டம். ஹசூமேயின் கேன் முகமூடியை யாரும் அணிவதில்லை. ஆணியில் மாட்டிய ஒற்றை முகமூடி தன் நகைச்சுவையை ஒரே தடவைதான் சொல்ல முடியும். பிரஷ் தலைமுடியாகிவிட்டது என்று கண்டுபிடித்து நாம் புன்னகைத்ததும் அதன் வேலை தீர்ந்துவிடுகிறது. அவருடைய ஒற்றை முகமூடிகளில் பல இந்த ரகம். சேகரிப்பாளர்கள் விரும்பி வாங்குவதும் இவற்றைத்தான் என்பதில் ஆச்சரியம் இல்லை. கையடக்கம், பார்த்தவுடன் புரியும், கொஞ்சம் அரசியலும் சேர்ந்து வருகிறது.

ஒற்றையில் தீர்ந்துவிடுவது கூட்டத்தில் தீரவில்லை. 1997 முதல் 2005 வரை அவர் உருவாக்கிய ‘லா பூஷ் டு ருவா’ இதற்குச் சான்று. பெனின் கடற்கரையில் அடிமைக் கப்பல்கள் ஆள் ஏற்றிச் சென்ற ஒரு முகத்துவாரத்தின் பெயர் அது. 304 கேன் முகமூடிகள் தரையில் கப்பல் வடிவில் நெருக்கமாகக் கிடத்தப்பட்டிருக்கின்றன. வடிவம் இங்கிலாந்தில் புகழ்பெற்ற ஓர் அச்சுப்படத்திலிருந்து வந்தது: லிவர்பூல் கப்பலான ‘புரூக்ஸ்’க்குள் மனிதர்களை எப்படி அடுக்கினார்கள் என்று காட்டி, அடிமை வணிக எதிர்ப்பாளர்கள் 1788-89இல் பரப்பிய படம். அந்தப் படம் நல்ல நோக்கத்தில் வரையப்பட்டதுதான், பலனும் தந்தது. ஆனால் அதில் கிடக்கும் கறுப்பு உருவங்கள் ஏறத்தாழ ஒரே அச்சு. இரக்கத்தைக் கோரிய படமே அவர்களை எண்ணிக்கையாக்கிவிட்டது. ஹசூமே அதே வரைபடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே இருப்பவர்களை மாற்றுகிறார். 304இல் எதுவும் இன்னொன்றைப் போல இல்லை. ஒன்று புடைத்திருக்கிறது, ஒன்று ஒடுங்கியிருக்கிறது. வாய் எல்லாவற்றுக்கும் திறந்தே இருக்கிறது. ஒலிபெருக்கியிலிருந்து உள்ளூர் மொழிகளில் பெயர்கள் கேட்கின்றன. இடையிடையே மதுப்புட்டிகள், சோழிகள், புகையிலை, வாசனைப் பொருள்கள். மனிதருக்கு விலையாகக் கைமாறிய சரக்குகள். பக்கத்தில் ஓடும் படத்தில் பெட்ரோல் கேன்களோடு பைக்குகள் போகின்றன. அச்சடித்தாற்போல ஒரேமாதிரி வார்க்கப்படும் பிளாஸ்டிக் டப்பாவுக்கு உபயோகம் தந்த தனித்தன்மையை வைத்து, அச்சில் தனித்தன்மை பறிபோனவர்களுக்கு முகம் தருவது சாதாரண யோசனை அல்ல. இங்கே ஒவ்வொரு முகமும் தனியாகப் புத்திசாலியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் கேன் கேனாக இருக்க முடிகிறது.

இதன்மேல் வைக்கப்படக்கூடிய கடுமையான ஆட்சேபம் ஒன்றுண்டு, அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. பெட்ரோல் கடத்துபவரும் அடிமையும் ஒன்றா? ஒருவர் வறுமையால் நெருக்கப்பட்டு ஆபத்தான தொழிலுக்குப் போகிறார். மாலையில் வீடு திரும்பவும், மறுநாள் வேண்டாம் என்று விடவும், எவ்வளவு சிறிதானாலும், அவருக்கு இடம் இருக்கிறது. மற்றவர் விலங்கிடப்பட்டு விற்கப்பட்டவர். ஒரே கேன் இருவருக்கும் முகமாகும்போது வித்தியாசம் கரைந்துபோகிறது. பொருத்தம் அவ்வளவு கச்சிதமாக இருப்பதே சந்தேகத்துக்கு உரியது. படைப்பின் வாசகமாக மட்டும் எடுத்துக்கொண்டால் இந்த ஆட்சேபம் சரி என்றே சொல்வேன். ஆனால் கப்பலின் பின்பகுதியைப் பார்க்க வேண்டும். அங்கே மஞ்சளாக ஒன்று, கறுப்பாக ஒன்று என இரண்டு முகமூடிகள், கூடவே ஒரு தராசு. ஐரோப்பிய அதிகாரம் ஒன்று, ஆப்பிரிக்க மன்னர் மற்றது என்பது வழக்கமான வாசிப்பு. 1727இல் உய்தா துறைமுகத்தைப் பிடித்த டஹோமி அரசர்கள் போரில் பிடித்தவர்களை விற்றுப் பணம் பார்த்தவர்கள் என்பது பெனினில் எளிதில் பேசக்கூடிய செய்தி அல்ல. விற்றவர்களின் வாரிசுகளும் விற்கப்பட்டவர்களின் உறவினரும் ஒரே நாட்டில் வாழ்கிறார்கள். இந்த இரண்டு முகமூடிகளால் கேள்வி இடம்மாறுகிறது. கடத்துபவர் அடிமையா என்பதை விட்டு, உழைப்பவன் மெலிய மெலிய யாருடைய தராசு நிறைகிறது என்று கேட்கத் தொடங்குகிறோம். அப்போது இரு காலங்களையும் சேர்த்துவைத்தது பாதியாவது நியாயமாகிறது. மீதிப் பாதி, பைக்குகளின் படத்தைப் பார்த்தவுடன் சட்டென்று சமன்பாடு போட்டுவிடும் பார்வையாளரிடம் தோற்றுத்தான் போகிறது.

2007இல், பிரிட்டன் அடிமை வணிகத்தை ஒழித்ததன் இருநூறாம் ஆண்டில், பிரிட்டிஷ் மியூசியம் இந்தப் படைப்பை வாங்கி, லிவர்பூல் உட்படப் பல ஊர்களுக்கு அனுப்பியது. மேற்கைக் குற்றம்சாட்டும் கலையை மேற்கே வாங்கிப் பாவம் தீர்த்துக்கொள்கிறது என்று இதைக் கேலி செய்யலாம், செய்தவர்களும் உண்டு. கேலியில் உண்மை இருக்கிறது, ஆனால் அது சிற்பத்தின் குறையல்ல. ஒழித்ததைக் கொண்டாடிய ஓர் ஆண்டில், ஒழிந்ததா என்று கேட்கும் படைப்பு லிவர்பூல் வரை போனது வீண் என்று யாரும் சொல்ல முடியாது. அவரைச் சொந்த ஊர் பார்க்கவில்லை என்ற குறையும் நிற்காது. கொட்டொனூ நகரில் 2005இல் தொடங்கிய ஸான்சூ அறக்கட்டளை தன் முதல் கண்காட்சியை ஹசூமேக்குத்தான் கொடுத்தது.

குறை வேறிடத்தில் இருக்கிறது: அவர் பெரிதாகக் கட்டத் தொடங்கும்போது. 2007இல் காசெல் நகரின் டாகுமெண்டா 12இல் வைத்த ‘கனவு’, 421 கேன்களால் ஆன படகு. அதற்கு அர்னால்டு போடே பரிசும் கிடைத்தது. ஐரோப்பாவுக்குத் தப்பிப்போக நினைப்பவர்களின் படகு என்பது நொடியில் புரிகிறது. கண்ணாடிப் புட்டிகளுக்குள் கடிதங்களும் புகைப்படங்களும் இருப்பதால் மனதிலும் தைக்கிறது. ஆயினும் அங்கே கேன் எந்தக் கேனாக இருந்தாலும் படகு படகுதான். நெருப்பில் உப்பிய கன்னத்துக்கு அதில் வேலை இல்லை. 2024 வெனிஸ் பியன்னாலேயில் பெனின் முதன்முறையாக அமைத்த தேசிய அரங்கில் அவர் வைத்த ‘அசே’, கேன்களால் எழுப்பிய, உள்ளே நுழையக்கூடிய வட்டக்கூடம். பெண்களின் ஆற்றலுக்குக் காணிக்கை. கம்பீரமானது, நன்றாகப் படம் எடுக்கலாம். கேன்கள் அதில் செங்கல்லாகிவிட்டன. ‘லா பூஷ் டு ருவா’விலும் நூற்றுக்கணக்கில்தான் இருக்கின்றன என்றாலும், அங்கே ஒவ்வொன்றும் ஓர் இடத்தை அடைத்துக் கிடக்கிறது, ஓர் ஆள் கிடந்த இடத்தை. கூடத்துச் சுவரில் ஒரு கேனை உருவி வேறொன்றைச் செருகினாலும் எதுவும் மாறாது. அளவு பெருகியது, பொருள் பேச்சை நிறுத்திக்கொண்டது.

இதற்கிடையே கேனின் உலகமே ஆட்டம் கண்டுவிட்டது. 2023 மே மாத இறுதியில் நைஜீரியா பெட்ரோல் மானியத்தை நிறுத்தியது. பெனினில் க்பாயோவின் விலை ஏறியது, பழைய விலை வித்தியாசம் சுருங்கியது. ஆபத்து மட்டும் குறையவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் எல்லையோரச் செமே பகுதியில் கடத்தல் பெட்ரோல் கிடங்கு தீப்பிடித்துக் குறைந்தது 34 பேர் இறந்தார்கள். இந்த வணிகம் இன்னும் ஒரு தலைமுறையில் மங்கிவிட்டால், கேனை உப்பவைத்தது எதற்கு என்பதைப் போர்டோ-நோவோ இளைஞருக்கே விளக்கவேண்டிவரும். நகைச்சுவை முகமூடிகள் அப்போதும் விற்கும்; அவற்றுக்கு அந்த விளக்கம் எப்போதுமே தேவைப்பட்டதில்லை. விளக்கம் தேவைப்படுவது தரையில் கிடக்கும் 304க்குத்தான். ஆனால் விளக்கம் தெரியாமல் வருபவரும் அந்த மெலிந்த சுவர்களையும் ஒருபக்கம் புடைத்த கன்னங்களையும் கண்டு, இவற்றுக்குள் கொள்ளாத எதையோ யாரோ ஏற்றியிருக்கிறார்கள் என்று ஊகித்துவிட முடியும்.