மாம்பழம் பழுத்ததா? ஆர்.கே. நாராயணின் சுவாமிநாதன் கற்ற பாடங்கள்

ஆர்.கே. நாராயணின் முதல் நாவலான ‘சுவாமியும் நண்பர்களும்’ 1935ஆம் ஆண்டு இலண்டனில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதன் முதல் வரி எழுதப்பட்டது நம்முடைய பெங்களூரில் என்பதை இம்மலரின் வாசகர்கள் பலர் அறிந்திருக்கக்கூடும். 1930ஆம் ஆண்டு, பாட்டி பார்த்துக் கொடுத்த ஒரு நல்ல நாளில், நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி வந்து உட்கார்ந்தார் நாராயண். மால்குடி என்ற ரயில் நிலையம் அவர் கண்முன் வந்து நின்றது. ‘மல்லேஸ்வரத்தின் தலையும் பசவனகுடியின் வாலும் சேர்ந்ததுதான் மால்குடி’ என்று நம்மூரில் பெருமையாகச் சொல்வதுண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தன் நினைவு நூலில் அவர் சொல்வது அந்த ரயில் நிலையத்தைப் பற்றி மட்டும்தான்.

விழா மேடைகளில் இந்நாவலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைச் சொல்வார்கள். ஒன்று, இது குறும்புக்காரச் சிறுவனின் இனிமையான கதை. மற்றொன்று, இடர்களைச் சந்தித்துச் சந்தித்து அவன் வளர்கிறான், ஆகவே நம் பிள்ளைகளும் அப்படி வளர வேண்டும். முதல் கருத்து பரவியதில் 1986-87இல் சங்கர் நாக் இயக்கி, ஆகும்பேயில் படமாக்கப்பட்ட தொலைக்காட்சித் தொடருக்குப் பெரும் பங்குண்டு. எல். வைத்தியநாதனின் அந்த இசை காதில் விழுந்தாலே மனசு இளகிவிடுகிறது, சும்மா சொல்லக்கூடாது. ஆனால் நாவலை மறுபடியும் நிதானமாகப் படித்தால் இந்த இரண்டு கருத்துகளுமே நிற்கவில்லை என்பது என் எண்ணம்.

மாம்பழக் கணக்கை எடுத்துக்கொள்வோம். விடுமுறையில் அப்பா பிடித்து உட்கார வைத்து ஒரு கணக்குக் கொடுக்கிறார். ராமனிடம் 10 மாம்பழம் இருக்கிறது, 15 அணாவுக்கு விற்க வேண்டும். கிருஷ்ணனுக்கு 4 பழம் போதும். அவன் எவ்வளவு கொடுக்க வேண்டும்? ஒரு பழம் ஒன்றரை அணா, நாலு பழம் ஆறணா. கணக்கு முடிந்தது. ஆனால் சுவாமிக்கு முடியவில்லை. அவன் மனதில் ராமனும் கிருஷ்ணனும் உயிருள்ள ஆட்களாக வந்து நிற்கிறார்கள். கேட்கிற விலை நியாயமா, பழம் பழுத்ததா காயா என்று தெரிய வேண்டும் அவனுக்கு. அப்பாவிடமே கேட்டுவிடுகிறான். சந்தையில் பழம் வாங்கப் போகிற எவரும் முதலில் கேட்பது அதைத்தானே! கே.ஆர். மார்க்கெட்டில் நாம் கேட்பதில்லையா? கடைசியில் காது திருகப்பட்டு, அரைமணி நேரம் தவித்து, ஆறணா என்று சொல்லிவிட்டு அழுகிறான். விடை வந்துவிட்டது. கூடவே வந்த அழுகையை நாராயண் எழுதாமல் விடவில்லை. ‘கஷ்டப்பட்டுக் கற்றால்தான் நிற்கும்’ என்று சொல்கிற நாம் அந்த அழுகையை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

தமிழ்த் தேர்வு நடக்கும் இடம் இதைவிடச் சுவையானது. புலியும் பிராமணனும் கதையின் நீதி என்ன என்று ஒரு கேள்வி. தங்கக் காப்பைக் காட்டி அழைத்த புலியிடம் ஏமாந்தவன் கதை, நாமெல்லாம் படித்ததுதான். புலி தங்கக் காப்பு கொடுத்தால் வாங்கக்கூடாது என்ற பொருளில் ஒரே வரியில் பதில் எழுதிவிட்டு வெளியே வருகிறான் சுவாமி. நண்பர்கள் அரைப் பக்கம், ஒரு பக்கம் என்று எழுதியிருப்பதைக் கேட்டதும் பயம் பிடித்துக்கொள்கிறது. இதில் யாரைக் கேலி செய்கிறார் நாராயண்? பையனை அல்ல என்பது என் கருத்து. எந்தக் கதையைக் கொடுத்தாலும் நீதியைப் பிழிந்து ஒரு பக்கம் நிரப்பச் சொல்லும் பள்ளிக்கூடத்தைத்தான்.

சரி, பெரிய இடர்களுக்கு வருவோம். சுவாமிக்கு வரும் சோதனைகள் ஒன்றிரண்டல்ல. ஆல்பர்ட் மிஷன் பள்ளியில் கிருஷ்ணனைப் பழித்த எபனேசர் வாத்தியாரை எதிர்த்துக் கேட்டு காது திருகப்படுகிறான். 1930 ஆகஸ்டில் மறியல் கூட்டத்தோடு சேர்ந்து தொப்பியை எரித்து, பள்ளிக்கூடக் கண்ணாடிகளை உடைத்து, பிரம்படி வாங்கி, அந்தப் பள்ளியை விட்டே ஓடுகிறான். அடுத்து போர்டு ஹைஸ்கூல். அங்கே டிரில் வகுப்பு கிரிக்கெட் பயிற்சிக்குக் குறுக்கே வருகிறது. அடிக்க வந்த தலைமை ஆசிரியரின் பிரம்பைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டு மறுபடியும் ஓட்டம். காட்டில் வழி தவறி, வனத்துறை அதிகாரி ஒருவர் மூலம் வீடு வந்து சேரும்போது முக்கியமான ஆட்டம் முடிந்து, அவன் அணி தோற்றிருக்கிறது. ராஜம் பேச மறுக்கிறான்.

இதிலே எந்த இடத்தில் பையன் ‘வெற்றி’ பெறுகிறான்? ஒரு இடத்திலும் இல்லை. தைரியமாகச் செய்த ஒவ்வொன்றும் ஓட்டத்தில்தான் முடிகிறது. நாவலின் பின்பகுதி, குறிப்பாகக் காட்டுப் பகுதி, கொஞ்சம் அவசரமாக எழுதப்பட்டது போல எனக்குப் படுகிறது. ஆனாலும் ஒரு விஷயத்தில் நாராயண் பிடிவாதமாக இருக்கிறார். பட்ட அடிக்குப் பரிசாக ஞானத்தை அவர் பையன் கையில் கொடுப்பதில்லை.

இதற்குக் காரணம் அவருடைய சொந்த வாழ்க்கையில் இருக்கிறது. 1906இல் சென்னையில் பிறந்து, புரசைவாக்கத்தில் பாட்டி வளர்த்த பிள்ளை. அங்கே லூத்தரன் மிஷன் பள்ளி, பிறகு மைசூர். தந்தை மகாராஜா பள்ளியின் தலைமை ஆசிரியர். அப்படிப்பட்டவருடைய மகன் கல்லூரி நுழைவுத் தேர்வில் தோற்றார், அதுவும் ஆங்கிலத்தில்! அந்த வருஷம் முழுவதும் அவர் செய்தது வாசிப்பு. அப்பாவின் பள்ளி நூலகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு குக்கரஹள்ளி கெரே பக்கம் போய் உட்கார்ந்தார். பி.ஏ. முடித்ததே 1930இல்தான். சன்னபட்டணாவில் ஆசிரியர் வேலைக்குப் போனார், அதுவும் நிலைக்கவில்லை. (மைசூர் போகிற வழியில் பொம்மை வாங்க நிறுத்துகிறோமே, அதே ஊர்தான்.) தோல்வி அவரை எழுத்தாளராக்கியது என்று சொல்லிவிடுவது சுலபம். தோற்றவனுக்குச் சோறும் நூலகமும் ஒரு வருஷ அவகாசமும் கொடுத்த வீடு ஒன்று இருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது உண்மையாகும்.

அந்த வீடு இல்லாத பிள்ளையும் நாவலில் வருகிறான். அவன் பெயர் கருப்பன். மாட்டு வண்டி ஓட்டிப் பிழைக்கிற சிறுவன். போலீஸ் அதிகாரி மகனான ராஜமும், மணியும், சுவாமியும் சேர்ந்து சாலையில் அவனை மறிக்கிறார்கள். சர்க்கார் போலீஸ் என்று மிரட்டி, பாலம் பலவீனமாயிருக்கிறது என்று கதை விட்டு, அவனை நடுங்க வைத்து அனுப்புகிறார்கள். படிக்கும்போது சிரிப்பு வருகிறது, மறுக்கவில்லை. நாராயணும் சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறார். எனக்கு இந்நாவலில் இருக்கும் மனத்தாங்கல் இதுதான். மாம்பழக் கணக்கில் அழுகிற பையனுக்காக நின்று பார்த்தவர், கருப்பனுக்காக நிற்கவில்லை. வண்டி போய்விடுகிறது, அவனும் கதையை விட்டுப் போய்விடுகிறான். அவனுக்கும் ஏறக்குறைய அந்த வயதுதான். சவால் என்று பார்த்தால் சுவாமியைவிட அவனுக்குத்தான் அதிகம், தினமும். அவன் என்ன கற்றான் என்று கேட்க ஆளில்லை.

பல ஆண்டுகள் கழித்து நாராயண் இந்த விஷயத்துக்குத் திரும்பி வந்தார். மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக 1989இல் ஆற்றிய முதல் உரையில் அவர் எடுத்துக்கொண்டது இலக்கியமோ விருதோ அல்ல; பிள்ளைகளின் புத்தகப் பையின் சுமை. அவருக்கு அப்போது வயது 82. அது எழுப்பிய விவாதத்தின் தொடர்ச்சியாக 1992இல் பேராசிரியர் யஷ்பால் தலைமையில் குழு அமைந்தது. ‘சுமையின்றிக் கற்றல்’ என்ற அதன் அறிக்கை 1993இல் வந்தது. பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்று 2020ஆம் ஆண்டுக் கொள்கை சொல்கிறது. எங்கள் தெருவில் காலை ஏழு மணிக்கு வேனுக்குக் காத்திருக்கும் குழந்தைகளைப் பார்த்தால், அந்தக் கொள்கையை யாரும் தராசோடு வந்து சோதித்ததாகத் தெரியவில்லை!

மாநிலத்துக்கு வெளியே இருக்கும் நமக்கு இதில் இன்னொரு பாடும் உண்டு. நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலம், தெருவில் கன்னடம், வீட்டில் தமிழ் என்று மூன்று சுமையைச் சுமக்கிறார்கள். சாயங்காலம் டியூஷன், சனி ஞாயிறு பாட்டு வகுப்பு. ‘இதெல்லாம் ஒரு சவால், பழகிக்கோ கண்ணா’ என்கிறோம். சுவாமியின் பாட்டியும் அப்பாவும் அடுப்படியில் பேசியது தமிழாகத்தான் இருந்திருக்கும். அது ஆங்கிலமாகி நம்மிடம் வந்திருக்கிறது. வீட்டில் அந்தப் புத்தகத்தை உரக்கப் படித்து, ஒவ்வொரு பேச்சையும் தமிழில் சொல்லிப் பார்க்கச் சொன்னால், பிள்ளைகள் உற்சாகமாகச் செய்கிறார்கள். இரண்டு மூன்று வீடுகளில் நானே பார்த்தேன். மணி மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் வெவ்வேறு ஊர்த் தமிழ் பேசினான். ஒரு வீட்டில் கோயமுத்தூர், இன்னொரு வீட்டில் திருநெல்வேலி.

அப்படிப் படிக்கையில் கடைசி அத்தியாயத்தை விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ராஜத்தின் தந்தைக்குத் திருச்சிக்கு மாற்றல். விடியற்காலை ரயில் நிலையத்தில் சுவாமி, ஆண்டர்சனின் கதைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். வண்டி நகர்ந்த பிறகுதான் மணி மூலம் அது ராஜத்தின் கைக்குப் போகிறது. ராஜம் ஏதோ சொன்னான், இரைச்சலில் கேட்கவில்லை. கடிதம் போடுவான் என்கிறான் மணி. உண்மையாகவா என்று அவன் முகத்தைப் பார்க்கிறான் சுவாமி, எப்போதும் எளிதில் படிக்க முடிகிற அந்த முகத்தில் அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. நாராயண் அங்கேயே நிறுத்திவிடுகிறார். ‘கடிதம் வந்துச்சா?’ என்று பிள்ளைகள் கேட்பார்கள்.