வடிகட்டுவதா கல்வி?

ஏழாயிரம்பண்ணைக் கரிசலிலே மழை பொய்ப்பதுண்டு, வேலை பொய்ப்பதில்லை. வெள்ளாமை கைவிட்ட குடும்பத்தைத் தீப்பெட்டி ஆபீசு கைதட்டி அழைக்கும். பட்டாசு ஆபீசு பக்கத்திலே நின்று அழைக்கும். பெட்டி ஒட்டலாம், சரம் பின்னலாம், வாரக் கடைசியில் கூலி வாங்கலாம். "பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை" என்ற ஒரு சொல் வீட்டிலே விழவேண்டியதுதான். புத்தகப்பை மூலைக்குப் போகும், பிள்ளை வேலைக்குப் போகும்.

அந்தச் சொல்லை அரசிதழில் அச்சேற்றி, அதன்மேல் அரசு முத்திரையும் குத்திக் கொடுத்தால் என்னவாகும்? எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். ஏனெனில், 2024 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட கல்வி உரிமைத் திருத்த விதிகள் அந்தக் காரியத்தைத்தான் செய்கின்றன.

விதி கூறுவது என்ன? ஐந்தாம் வகுப்பின் முடிவிலும் எட்டாம் வகுப்பின் முடிவிலும் தேர்வு நடக்கும். தவறினால் கூடுதல் பயிற்சி. இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு. அதிலும் தவறினால், அதே வகுப்பில் மறுபடியும் உட்காரவேண்டும். தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார்கள். கருணைதான்! ஆனால் வெளியேற்றுவதற்கு ஆணை எதற்கு, தோழர்களே? தன்னைவிட இளைய பிள்ளைகளோடு, நேற்றுப் படித்த அதே பாடத்துக்கு முன்னால் உட்காரவைக்கப்பட்ட பிள்ளையை வெட்கம் வெளியேற்றும், வறுமை வழியனுப்பும், ஆலை வரவேற்கும்!

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் குழந்தையையும் நிறுத்திவைக்கலாகாது என்று 16ஆம் பிரிவில் உறுதி கூறிற்று. 2019இல் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். நிறுத்திவைப்பதா வேண்டாமா என்பதை அந்தந்த அரசே முடிவு செய்யலாம் என்றார்கள். அவ்வாண்டே தமிழ்நாட்டிலும் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு எழுந்தது, 2020 பிப்ரவரியில் அறிவிப்பு மறைந்தது. எட்டுவரை நிறுத்திவைப்பதில்லை என்பதை 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை உறுதிப்படுத்தியிருக்கிறது. வரவேற்கிறோம். எனினும், கொள்கை ஏட்டில் இருப்பதாலேயே ஆபத்து நீங்கிற்று என்று உறங்கிவிடலாகாது.

"தேர்வில்லாவிடில் தரம் ஏது?" என்று கேட்பவர் உண்டு. நாமும் ஒன்று கேட்கிறோம். மருந்து கொடுத்தும் நோய் தீரவில்லை. உடனே மருத்துவர், "குற்றம் நோயாளியுடையது, இன்னும் ஓராண்டு அதே மருந்தை, அதே அளவில், அதே கட்டிலில் படுத்துச் சாப்பிடட்டும்" என்றால் ஏற்போமா? ஐந்தாண்டு பள்ளிக்கு வந்தும் ஒரு குழந்தைக்கு எழுத்துக்கூட்டத் தெரியவில்லையென்றால், தேர்வில் தோற்றது குழந்தையா, பள்ளியா? பதினாறு வயதுவரை நாடு தழுவிய பொதுத்தேர்வே வைக்காத பின்லாந்து, கல்வியில் தாழ்ந்தா போயிற்று?

'படிப்பு அவன் தலையில் எழுதவில்லை' என்றனர் அன்று. தலையெழுத்தென்பது பொய் என்று தெளிந்தோம். இன்று அதே பொய் மதிப்பெண் பட்டியலாக வருகிறது. கையெழுத்திடுபவர் மட்டும் பிரமனல்லர், தலைமையாசிரியர்! 1953இல் அரை நாள் பள்ளி, அரை நாள் குலத்தொழில் என்றொரு திட்டம் வந்தது. அதை 1954இல் கைவிட்டவர், இதே விருதுநகர் மண்ணில் பிறந்து, பள்ளிப் படிப்பை இளமையிலேயே விட நேர்ந்த காமராசர். அரை நாளை விரட்டிய மண்ணில், முழு நாளையும் ஆலைக்குக் கொடுக்கும் வழியைத் திறக்கலாமா?

இன்னொரு முரண்பாட்டையும் காணுங்கள். வெடிமருந்துத் தொழிலில் பதினெட்டு நிரம்பாதவரை அமர்த்தலாகாது என்கிறது 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம். நன்று. ஆனால் கல்வி உரிமைச் சட்டம் காக்கும் வயதோ ஆறு முதல் பதினான்கு. பதினான்குக்கும் பதினெட்டுக்கும் இடையே ஒரு பிள்ளை எங்கே நிற்பான்? ஆலைக்குள் போகாதே என்று ஒரு சட்டம். பள்ளிக்குள் இரு என்று சொல்லவோ சட்டமில்லை! அந்த நான்காண்டுப் பள்ளத்தின் விளிம்பிலே, எட்டாம் வகுப்பிலே, தடுக்கிவிழ ஒரு கல்லை நடுகிறார்கள். விழுகிற இடம் எதுவென்பதை இவ்வட்டாரம் அறியும். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடித்து இருபது பேருக்கு மேல் மாண்டதை மறந்தவர் இங்கில்லை.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லியாகவேண்டும். நிறுத்திவைக்கவில்லை என்பதே கல்வி தந்ததாகிவிடாது. வாசிக்கத் தெரியாத பிள்ளையை வகுப்புக்கு வகுப்பு ஏற்றி, ஒன்பதாம் வகுப்பு வாசலில் திகைக்க விடுவதும் வஞ்சனையே. தள்ளிவிடுவோர் ஐந்தில் செய்வதை நாம் ஒன்பதில் செய்தவராவோம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தில் பல்லாண்டு முன்னணியில் நின்ற மாவட்டம் இது, பெருமைதான். ஆனால் விகிதம், தேர்வெழுதியவரை மட்டுமே எண்ணும். தேர்வுக்கு வராமலே போனவனை அது எண்ணாது. அவனை எண்ணவேண்டியவர்கள் நாம்.

எண்ணும் எழுத்தும் என்று 2022இல் இளவகுப்புகளுக்கு ஒரு திட்டம் தொடங்கினார்கள். அதன் நோக்கம் ஒவ்வொரு வகுப்பறையிலும் நிறைவேறுகிறதா? கேட்கவேண்டும். ஆசிரியர் இடங்கள் காலியாகக் கிடந்தால் அதிகாரியிடம் கேட்கவேண்டும். மாலையில் படிப்பகத்தைத் திறந்து, எட்டாம் வகுப்புப் பிள்ளையின் கையில் ஏட்டைக் கொடுத்து, "படி, கேட்போம்" என்று உட்காரவேண்டும். தடுமாறினால் அவனைத் தவறியவன் என்று குறிக்காமல், நமக்கு வேலை வைத்திருப்பவன் என்று குறித்துக்கொள்ளவேண்டும்.

வடிகட்டி காப்பிக்குத் தேவை, தோழர்களே; கல்விக்கு அல்ல. வடிகட்டியிலே தங்குவது சக்கை என்று தூக்கியெறிகிறோம். இங்கே தங்குவது குழந்தை!