உறிஞ்சுதலும் உட்கவர்தலும்

"நீர் அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சும்" என்று எழுதியமைதல் அறிவியலைத் தமிழில் எழுதுவோர் பலரின் வழக்கம். இத்தொடர் பிழையன்று; ஆயினும் நிறைவுடையதும் அன்று.

உறிஞ்சுதல் என்றவுடன் மாணவர் உள்ளத்தில் தோன்றுவது ஈரத்தை இழுக்கும் துணியே. துணி இழுத்த நீர், பிழிந்தால் நீராகவே மீளும். நீர் கொண்ட கதிரோ கதிராக நில்லாது வெப்பமாக மாறும். மேலும், நீர் எல்லாக் கதிர்களையும் ஒருபடியாகக் கொள்வதில்லை. தன் மூலக்கூற்றின் அதிர்வுக்கு இசைந்த அலைநீளங்களையே மிகுதியாகப் பற்றும்.

வெப்பநிலையை நோக்குங்கால் இவ்வேறுபாடு நன்கு புலனாகும். ஈப்போவை அடுத்த தம்பூன் வெந்நீரூற்றின் நீரும் மலையோடையின் குளிர்நீரும் கதிரை ஒன்றுபோலக் கொள்வதில்லை. நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பற்றியுள்ளன. வெப்பம் ஏற ஏற அப்பற்றுத் தளர்கிறது. மூலக்கூற்றின் உட்பிணைப்பு வலுத்து விரைந்து அதிர்கிறது. ஆகவே, பட்டைகள் குறுகிய அலைநீளத்தை நோக்கி நகர்கின்றன. அத்துடன், 3 மைக்ரோமீட்டரை ஒட்டிய முதன்மைப் பட்டை வலிகுன்ற, 1.45 மைக்ரோமீட்டரை ஒட்டிய மேற்சுரப் பட்டையின் முகடு உயர்கிறது. எனவே, "வெந்நீர் மிகுதியாக உறிஞ்சுமா?" என்னும் வினாவுக்கு ஒரே விடை இல்லை. எந்த அலைநீளத்தில் என்று கேட்டே விடை கூறல் வேண்டும்.

இக்காரணங்களால் 'உட்கவர்தல்' என்னும் சொல்லே பொருத்தமெனக் கொள்கிறோம். கவர்தல் குறளிலும் பயின்ற பழஞ்சொல். பற்றித் தனதாக்கிக் கொள்ளுதலை உணர்த்துவது. இது கடுஞ்சொல் என்பார்க்கு, இரண்டொரு வகுப்பில் பழகிவிடும் என்பதே நம் விடை. ஆயினும் சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. அலைநீளமும் வெப்பநிலையும் உடன் கூறப்படல் வேண்டும்.

இது வெறுஞ் சொல்லாராய்ச்சியும் அன்று. பேராக்கின் பால்மரத் தோட்டங்களை அறிந்தவர்க்கு, பாலில் உள்ள ரப்பரின் அளவு தொழிலாளரின் கூலியைத் தொட்ட செய்தி என்பது தெரியும். புதுப்பாலில் பாதிக்கு மேற்பட்டது நீரே. அந்நீரளவை அகச்சிவப்பு ஒளியால் அறியும் முறைகளும் ஆராயப்பட்டுள்ளன. வெப்பநிலையைக் கணக்கிற் கொள்ளாவிடின், ஒரே பால் குளிர்ந்தபோது ஓரளவும் சூடேறியபோது வேறளவும் காட்டக்கூடும். பாடத்தொடரில் விடுபட்ட வெப்பநிலை, அளவையில் பிழையாகவும் கணக்கில் இழப்பாகவும் முடியும். தமிழாசிரியர்கள் இதனைக் கருத்திற் கொள்வார்களாக.