வழக்குரை காதையும் ஒருதலைத் தீர்ப்பும்

நெகிரி செம்பிலான் தோட்டப் பள்ளிகளில் சிலம்பின் கதை சொல்லப்படும்போது, பாண்டியன் பிழைக்குப் பொற்கொல்லனின் வஞ்சமே காரணம் என்பர் சிலர். ஊழே காரணம் என்பர் வேறு சிலர். இரண்டும் நூலில் உள்ளனவே. ஆயினும், தன் பிழையை உணர்ந்த மன்னன் ஊழைச் சுட்டவில்லை. கொல்லன் சொல்லை நம்பிய தன்னையே கள்வனென்று பழித்துக்கொள்கிறான். ஆராயத்தக்கது இதுவே.

கோவலன் மதுரைக்கு வந்தது வாணிகம் செய்வதற்கு. இழந்த பொருளை மீண்டும் ஈட்டுதற்குரிய முதலுக்காகவே சிலம்பை விற்க முனைந்தான். அச்சிலம்பு யாருடையது என்பதே வழக்கு. கொல்லன் கூற்றைக் கேட்ட மாத்திரத்தில், சிலம்பு அவனிடம் இருந்தால் உயிரைப் போக்கி அதனை எடுத்துவரும்படி மன்னன் காவலரை ஏவினான். கோவலன் அவைக்கு அழைக்கப்படவில்லை.

இக்காலத்து வாணிக வழக்குகளிலும், எதிர்வாதி வாராதபோது ஒருதலைத் தீர்ப்பு வழங்கப்படுவதுண்டு. ஆனால் அது முடிந்த முடிபன்று. வழக்கின் உண்மையை ஆராய்ந்தோ, இரு தரப்பார் இசைவாலோ அமையாத தீர்ப்பை நீக்கும் ஆற்றல் நீதிமன்றத்துக்கு உண்டென 1937இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை உரைத்தது. தீர்ப்புக் கிடைத்த 30 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது மலேசியாவின் 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதி. சம்மன் முறைப்படி சேர்ந்திருப்பின், எதிர்வாதியிடம் கேட்கத்தக்க மறுப்பு உண்டா என்பதே தலையாய கேள்வி.

கண்ணகி கொணர்ந்ததும் அத்தகைய மறுப்பே. அவள் இரக்கம் வேண்டி நிற்கவில்லை, சான்றை முன்வைத்தாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். அரசியின் சிலம்பில் உள்ளது முத்து என்றான் மன்னன். அவன் வாயிலை அடைக்கவில்லை. சிலம்பை வருவித்து அவள்முன் வைத்தான். சிலம்பு உடைந்தது, மாணிக்கம் தெறித்தது, தீர்ப்பும் வீழ்ந்தது. முன்பு கேளாத அரசனே பின்பு முழுதும் கேட்டான். அவனைக் கொடுங்கோலன் என்று மட்டும் கற்பிப்பது காதையின் பாதியை விட்டுவிடுவதாகும்.

எனினும், பணம் பற்றிய தீர்ப்பை நீக்கினால் பணம் மீளும். போன உயிர் மீளாது. அரியணையிலேயே அரசன் உயிர்நீத்தமைக்கு இதனினும் வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

கடைக்கடனுக்கோ தவணைக் கடனுக்கோ தோட்டத்து வீட்டுக்கு வரும் சம்மன், மொழி விளங்காமையால் பெட்டிக்குள் கிடந்துவிடுவதுண்டு. வழக்குரை காதையைக் கற்பிக்கும் ஆசிரியர், சிரம்பான் நீதிமன்றத்துக்கும் ஒரு வாயில் உண்டு, அது 30 நாள் திறந்திருக்கும் என்று சேர்த்துரைப்பாராயின், காப்பியப் பாடம் வாழ்க்கைக்கும் பயன்படும்.