தோன்றா எழுவாய்: ஸ்போர்ட்ஸ் காரை நொடியால் அளக்கலாமா?

6 நிமிடம் 59.927 நொடி. 2021-இல் போர்ஷே தன் புதிய 911 ஜிடி3 காரை அறிமுகம் செய்தபோது அதிகம் பேசப்பட்ட எண் இது. ஜெர்மனியின் ஐஃபல் மலைக்காட்டுக்குள் வளைந்து கிடக்கும் நூர்பர்க்ரிங் வடக்குத் தடத்தை இந்த நேரத்தில் சுற்றியது என்பது செய்தி. 'சுற்றியது' என்ற பயனிலை தெளிவாக இருக்கிறது. எழுவாய்தான் தோன்றவில்லை. சுற்றியது காரா, ஓட்டியவரா, டயரா, அன்றைய குளிரா?

ஸ்போர்ட்ஸ் கார்களை ஒப்பிட நம்மிடம் இரண்டு அளவுகோல்கள் உண்டு. ஒன்று சுற்று நேரம். இன்னொன்று கையாளுமை: ஓட்டுபவரின் கைக்கும் காலுக்கும் கார் எப்படி பதில் சொல்கிறது என்பது. முதலாவதை நம்புகிறவர்கள் இரண்டாவதைக் கவிதை என்று ஒதுக்குகிறார்கள். இரண்டாவதை நம்புகிறவர்கள் முதலாவதை விளம்பரம் என்று தள்ளுகிறார்கள். இரு தரப்பிலும் பாதி நியாயம்தான் இருக்கிறது. எந்தப் பாதி என்பதே கேள்வி.

முதலில் கடிகாரத்தின் கட்சியைக் கேட்போம். வடக்குத் தடம் 1927-இல் திறக்கப்பட்டது. முழுச் சுற்று 20.832 கி.மீ. மிகத் தாழ்ந்த இடத்துக்கும் மிக உயர்ந்த இடத்துக்கும் இடையே சுமார் 300 மீட்டர் வித்தியாசம். ஃபுக்ஸ்ரோர என்ற இறக்கத்தில் கார் பள்ளத்தை நோக்கிப் பாயும். அடியில் சஸ்பென்ஷன் நசுங்கிய அதே கணத்தில் சாலை மறுபடி மேலே ஏறும். ஃப்ளுக்பிளாட்ஸ் மேட்டில் டயர்கள் தரையை விட்டுவிடுமோ என்ற அளவுக்கு எடை குறையும். கருசெல் வளைவோ கான்கிரீட் பலகைகள் பதித்த சரிவான வாய்க்கால். பலகைக்குப் பலகை இணைப்பில் கார் குலுங்கும். வெறும் குதிரைத்திறனை வைத்துக்கொண்டு இங்கே பிழைக்க முடியாது. மோசமான பிரேக், தள்ளாடும் சஸ்பென்ஷன், சூடாகிச் சோரும் எஞ்சின் எதுவும் 20 கி.மீ.க்குள் ஒளிந்துகொள்ள முடியாது. இங்கே ஏழு நிமிடத்தில் சுற்றி வரும் கார் நிச்சயம் நல்ல பொறியியல். இதை மறுக்க யாராலும் முடியாது.

ஆனால் நல்ல பொறியியல் என்று சொல்வதும், இந்தக் கார் அந்தக் காரைவிட மேல் என்று தீர்ப்பளிப்பதும் ஒன்றல்ல. அதற்கு 2008-இன் வழக்கே சாட்சி.

அந்த ஆண்டு நிஸான் தன் ஜிடி-ஆர் காருக்கு 7 நிமிடம் 29 நொடி என்று அறிவித்தது. ஓட்டியவர் டோஷியோ சுசுகி. போர்ஷே டர்போவைவிட வெகு குறைந்த விலையில், 1,700 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு ஜப்பானியக் கார், போர்ஷேயின் சொந்த முற்றத்திலேயே வந்து அதை வென்றுவிட்டது. போர்ஷே சும்மா இருக்கவில்லை. ஒரு ஜிடி-ஆரை விலைக்கு வாங்கித் தன் ஆட்களை வைத்து ஓட்டிப் பார்த்தது. 7 நிமிடம் 54 நொடிதான் வந்தது என்று 911 பிரிவின் தலைவர் ஆகஸ்ட் அக்லைட்னர் சொன்னார். நிஸான் வேறு டயர் போட்டிருக்கும் என்ற சந்தேகம் கிளம்பியது. கடையில் விற்கும் டயர்தான் என்று நிஸான் மறுத்தது. உங்கள் ஓட்டுநருக்கு எங்கள் காரை ஓட்டத் தெரியவில்லை என்ற தொனியிலும் பதில் வந்தது.

யார் சொன்னது உண்மை என்பதை விட்டுவிடுங்கள். அந்த 25 நொடியைப் பாருங்கள். ஒரே மாடல் கார், ஒரே தடம். ஓட்டியவரும் நாளும் மாறியதும் 25 நொடி கூடியது. இப்போது இன்னொரு கணக்கு. 2017-இன் ஜிடி3 வடக்குத் தடத்தைச் சுற்ற எடுத்தது 7 நிமிடம் 12.7 நொடி. அதற்கு அடுத்த தலைமுறை, அதே 20.6 கி.மீ. அளவில், 6 நிமிடம் 55.34 நொடி. வித்தியாசம் 17 நொடிக்குச் சற்று மேல். ஒரு தலைமுறைக்கான பொறியாளர்களின் உழைப்பு 17 நொடி. ஓட்டுநர் சண்டை 25 நொடி. அளக்கும் கோலின் நடுக்கம், அளக்கப்படும் பொருளின் நீளத்தைவிடப் பெரியதாக இருந்தால் அந்தக் கோலை என்ன செய்வது?

20.6 கி.மீ. என்றேனே, அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பல ஆண்டுகளாக நிறுவனங்கள் தொடக்கக் கோட்டுக்கும் முடிவுக் கோட்டுக்கும் இடையில் ஒரு சிறு துண்டை விட்டுவிட்டே நேரம் சொல்லி வந்தன. 2019-இல் விதி இறுகியது. முழு 20.832 கி.மீ. சுற்ற வேண்டும், நோட்டரி உறுதிப்படுத்த வேண்டும். விட்டுப்போன 232 மீட்டரின் விலை சுமார் நான்கரை நொடி. அதனால்தான் ஒரே ஜிடி3-க்கு 6:55-உம் உண்டு, 6:59-உம் உண்டு. பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுபவர், கிலோவையும் பவுண்டையும் கலந்து எடை போடும் கடைக்காரர்தான்.

அப்படியானால் அந்த 17 நொடி எங்கிருந்து வந்தது? இதைத் துருவிப் பார்ப்பது பயன் தரும். ஏனென்றால் இரண்டு சுற்றுகளையும் ஓட்டியவர் ஒருவரே: போர்ஷேயின் சோதனை ஓட்டுநர் லார்ஸ் கெர்ன். எஞ்சின் 500 குதிரைத்திறனிலிருந்து 510-க்குத்தான் உயர்ந்தது. எடை ஏறக்குறைய அதேதான். மாறியவை மூன்று. முதலாவது, காற்றழுத்தத்தால் காரைத் தரையோடு அமுக்கும் இறக்கை; அதைக் கீழிருந்து தாங்காமல், அன்னத்தின் கழுத்துபோல வளைந்து மேலிருந்து பிடிக்கும் கம்பங்கள். இரண்டாவது, முன் சக்கரங்களுக்கு இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன். பழைய அமைப்பில் ஷாக் அப்சார்பரே சக்கரத்தைத் தாங்கவும் வேண்டும், வளைவில் வரும் பக்கவாட்டு இழுப்பையும் வாங்க வேண்டும். புதியதில் இழுப்பை விஷ்போன் கைகள் வாங்கிக்கொள்கின்றன. ஷாக் அப்சார்பர் மேடுபள்ளத்தை மட்டும் கவனிக்கிறது. மூன்றாவது டயர். 2017-இல் போட்டது மிஷலின் பைலட் ஸ்போர்ட் கப் 2. 2021-இல் அதைவிடப் பந்தயத்துக்கு நெருக்கமான கப் 2 ஆர். கடையில் வாங்கலாம்தான், ஆனால் காரோடு எல்லோருக்கும் வருவதல்ல.

ஆக 17 நொடியில் ஒரு பங்கு காருக்கு, ஒரு பங்கு ரப்பருக்கு. எது எவ்வளவு என்று அந்த ஒற்றை எண் சொல்லாது. சொல்ல அதற்கு வாயும் இல்லை.

இப்போது கையாளுமைக்கு வருவோம். இதை ஆதரிப்பவர்களின் பெரிய பலவீனம், பேச்சு மிகையாகிவிடுவது. 'காரோடு பேசினேன்', 'சாலையோடு ஒன்றினேன்' என்றெல்லாம் எழுதினால் கடிகாரக் கட்சி சிரிப்பதில் தவறில்லை. ஆனால் அந்தப் பேச்சுக்கு அடியில் அளக்கக்கூடிய ஒரு நிகழ்வு இருக்கிறது. அதைக் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

வளைவுக்குள் ஸ்டீரிங்கைத் திருப்பும்போது முன் டயரின் ரப்பர் சற்று முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கு சக்கரத்தை நேராக்கப் பார்க்கும். அதையே நாம் ஸ்டீரிங்கின் கனமாக உணர்கிறோம். இன்னும் திருப்பத் திருப்பப் பிடிமானம் ஏறும், கனமும் ஏறும். ஆனால் பிடிமானம் உச்சத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே கனம் குறையத் தொடங்கிவிடும். உள்ளங்கையில் ஒரு சின்ன லேசு. அதுதான் 'இதற்கு மேல் போகாதே' என்ற எச்சரிக்கை. நல்ல கையாளுமை என்பது அந்த எச்சரிக்கை முன்கூட்டியே, மழுங்காமல், நம்பும்படி வருவது. அதன் பிறகு டயர் சட்டென்று கைவிடாமல் மெல்ல நழுவுவது. பந்தய டயர்கள் பொதுவாக உச்சத்தை உயர்த்துகின்றன. ஆனால் உச்சத்துக்கு அப்பால் சரிவைச் செங்குத்தாக்கிவிடுகின்றன. லார்ஸ் கெர்னுக்கு அது லாபம். சம்பளத்தைச் சேர்த்து வைத்து அந்தக் காரை வாங்கியவருக்கு அது பள்ளத்தாக்கு.

2012-இன் டொயோட்டா ஜிடி86 இந்தத் தர்க்கத்தை வேண்டுமென்றே எதிர்முனைக்குக் கொண்டுபோனது. முதன்மைப் பொறியாளர் டெட்சுயா டாடா தன் 200 குதிரைத்திறன் காருக்குப் போட்டது எரிபொருள் சிக்கனத்துக்குப் பெயர்போன பிரியஸில் வரும் டயர் வகை. பிடிமானம் குறைவு, ஆனால் குறைந்த வேகத்திலேயே நழுவும், நழுவுவது தெரியும், திருத்திக்கொள்ளலாம். சுற்று நேரப் பட்டியலில் இந்தக் கார் எங்கோ அடியில். நடுத்தர வேகத்தில் எஞ்சின் இழுவை தொய்ந்துபோகும் குறையும் அதற்கு உண்டு. அதைக் கையாளுமையின் பெயரால் மன்னிக்கத் தேவையில்லை. ஆனாலும் அது ஒன்றை நிரூபித்தது: ஓட்டும் இன்பத்துக்குப் பிடிமானத்தின் அளவைவிட அது போகும் விதம் முக்கியம்.

ஆல்பைன் ஏ110 அதைவிட வலுவான சாட்சி. 252 குதிரைத்திறன், சுமார் 1,100 கிலோ, அலுமினிய உடல், நான்கு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன். எடை குறைவாக இருப்பதால் ஸ்பிரிங்கைக் கல்லாக்க வேண்டியதில்லை. வளைவில் கார் சற்றுச் சாய்கிறது. அந்தச் சாய்வே ஓட்டுபவருக்குச் செய்தி. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இதில் கிளட்ச் பெடல் கிடையாது, இரட்டைக் கிளட்ச் தானியங்கி கியர் மட்டுமே. 'கையாளுமை என்றால் மேனுவல் கியர்' என்று சாதிப்பவர்களின் வாதம் இங்கே உடைகிறது. கியர் குச்சி ஓட்டுபவருக்கு வேலை கொடுக்கிறது; கார் பேசுவது டயரும் சஸ்பென்ஷனும் வழியாகத்தான்.

ஆனால் அந்த வேலையையும் மக்கள் விரும்புகிறார்கள் என்பதைக் கடிகாரத்தின் தலைமை ஆலயமான போர்ஷேயே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. 2013-இன் ஜிடி3 இரட்டைக் கிளட்ச் கியரோடு மட்டுமே வந்தது. காரணம் எளிது, அதுதான் வேகம். ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். 2016-இல் பெரிய இறக்கை இல்லாமல், ஆறு கியர் மேனுவலோடு, 911 ஆர் என்ற பெயரில் 991 கார்கள் மட்டும் செய்தது போர்ஷே. அவை மறுவிற்பனையில் பட்டியல் விலையை எங்கோ தாண்டிப் போயின. 2017-இல் ஜிடி3-க்கும் மேனுவல் திரும்பி வந்தது. 100 கி.மீ. வேகத்தைத் தொட இரட்டைக் கிளட்சுக்கு 3.4 நொடி, மேனுவலுக்கு 3.9. அரை நொடி மெதுவானது என்று தெரிந்தே வாங்கினார்கள்.

இனி தீர்ப்பு. சுற்று நேரத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஒரே ஓட்டுநர், ஒரே டயர், ஒரே நீளம் என்று மூன்றும் சொல்லப்பட்டால் அது மதிப்புள்ள சான்று. மூன்றில் ஒன்று மறைந்தாலும் அது விளம்பர வாசகம். 2024-இல் மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஒன் 6 நிமிடம் 29.090 நொடியில் சுற்றியது பெரிய சாதனை. ஆனால் மாரோ எங்கெல் என்ற பந்தய வீரரின் பெயரைச் சேர்க்காமல் அந்த வாக்கியம் முழுமை பெறாது.

கையாளுமைக்கும் ஒரு சோதனை வைக்கலாம். தடம் அறியாத ஒரு சாதாரண ஓட்டுநர், அந்தக் காரின் உச்ச நேரத்துக்கு எவ்வளவு அருகில், எவ்வளவு சீக்கிரம், பயமில்லாமல் வர முடிகிறது? அந்த இடைவெளி சிறுத்த கார் நல்ல கார். 2008-இன் 25 நொடியை நான் படிப்பதும் இப்படித்தான். நிஸானின் மறுப்பு உண்மை என்றால், தேர்ந்தவர்கள்கூட எட்டாத தூரத்தில் தன் திறமையை ஒளித்துவைத்த கார் அது. அப்படியானால் அந்தப் பதில் நிஸானின் எண்ணைக் காப்பாற்றியது, காரைக் காட்டிக்கொடுத்தது.

இந்தத் தராசில் வைத்தால், சாலையில் ஓட்ட என் முதல் இடம் ஏ110-க்கு. தடத்துக்கும் சாலைக்கும் சேர்த்து ஒரே கார் என்றால் 2021-இன் ஜிடி3. அதுவும் கப் 2 ஆர் டயரைக் கழற்றிவிட்டு, சாதாரண கப் 2 போட்டு. அந்த இரட்டை விஷ்போன் நொடியையும் குறைக்கிறது, உள்ளங்கைக்குச் செய்தியையும் கூட்டுகிறது. இரண்டு அளவுகோல்களும் ஒன்றாகத் தலையாட்டும் அபூர்வ இடம் அது. டயரைக் கழற்றினால் 6:59 போய்விடும். போகட்டும். அந்த எண்ணின் எழுவாய் லார்ஸ் கெர்ன். சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓட்டப்போவது வேறொருவர்.