விழுந்த தூதனும் இரவல் நினைவுகளும்

1982ஆம் ஆண்டில் ரிட்லி ஸ்காட்டின் இயக்கத்தில் வெளிவந்த 'பிளேட் ரன்னர்' எனும் அறிவியல் புனைவுத் திரைப்படம், அருளுரையாளர்க்கு உவமைகளை அள்ளித் தருவதாகத் தோன்றும். அவற்றை ஆராயாமல் எடுத்தாளுதல் தகாது என்பதே நம் கருத்து.

வேற்றுக் கோள்களில் அடிமைப் பணிக்கென உருவாக்கப்பட்ட செயற்கை மாந்தருக்கு ஆயுள் 4 ஆண்டுகளே. அவர்களுள் சிலர் கலகம் செய்து பூமிக்குத் தப்பி வருகின்றனர், தலைவன் ராய். வில்லியம் பிளேக் 1793இல் வெளியிட்ட 'அமெரிக்கா' எனும் கவிதையில் தூதர்கள் எழும்புகின்றனர். அவ்வரியை மாற்றி, அவர்கள் விழுந்ததாக ராய் கூறுகிறான். இவ்வொரு வினைச்சொல் மாற்றத்திலேயே அவனது முன்கதை அடங்கிவிடுகிறது. பின்னர் தன்னைப் படைத்த டைரலிடம் சென்று கூடுதல் வாழ்நாள் கேட்கிறான். அது இயலாதென அறிந்து அவரைக் கொல்கிறான்.

இறுதியில் ராய் தன் உள்ளங்கையில் ஆணி பாய்ச்சுகிறான். தன்னைக் கொல்ல வந்த டெக்கர்டைக் காப்பாற்றுகிறான். அவன் இறக்கையில் கையிலிருந்த புறா வானில் எழும்புகிறது. 'இதோ, கிறிஸ்துவின் சாயல்' எனப் பலர் மொழிவர். ஆனால், அந்த ஆணி பிறருக்காகப் பாய்ந்ததன்று. செயலிழக்கும் கையைச் சற்று நேரம் இயக்கவே பாய்ந்தது. அடையாளம் ஒப்புமை காட்டலாம், மீட்பாகிவிடாது.

படத்தின் ஆழ்ந்த வினா வேறு. ரேச்சல் தன்னுடையவை என நம்பும் இளமை நினைவுகள், டைரலின் உடன்பிறந்தார் மகளுடையவை. தாம் படைத்தோரை எளிதில் அடக்கியாளவே டைரல் அவர்களுக்கு இறந்தகாலம் ஒன்றை வழங்குகிறார். ராய்க்கு இளமைப் பருவமே இல்லை; எனினும் அவன் கண்ட காட்சிகள் அவனுடையவை. அவை தன்னோடு மறைந்துபோகும் என்பதே அவனது இறுதித் துயரம்.

நினைவுதான் மனிதனை மனிதனாக்குகிறதா? அவ்வாறாயின், மறதி நோயால் தம் பிள்ளைகளின் பெயரையும் இழந்த முதியவரின் படுக்கையருகே அருள்பணியாளர் சொல்லத்தக்கது யாது? எட்டாம் சங்கீதம் வேறு விடை தருகிறது: மனிதனின் மாண்பு அவன் நினைப்பதில் அன்று, கடவுளால் நினைக்கப்படுவதில் உள்ளது. டைரல் நினைவைப் படைத்தார்; தம் படைப்பை நினைந்தாரல்லர்.

ஆகவே, ராயை நடுச் சிலுவையில் காண்பதைவிட, அதன் அருகிலிருந்த சிலுவையில் காண்பதே பொருந்தும். அங்கே தொங்கிய குற்றவாளியும் வேண்டியது ஒன்றே: தன்னை நினைத்தருள வேண்டும் என்பது. அவன் கேட்பதற்கு அருகில் ஒருவர் இருந்தார். ராய்க்கு எதிரில் அமர்ந்திருந்தவனோ வாய்பேசாது பார்த்திருந்த மனிதன் மட்டுமே. இவ்வேறுபாட்டை எடுத்துரைப்பதே அருளுரையின் பணி.